2007-க்குப் பிந்தைய நோவிட்ஸ்கி

கூடைப்பந்து வீரர் டிர்க் நோவிட்ஸ்கியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2011-இல் அவருடைய டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் வென்ற கோப்பையிலிருந்தே தொடங்குகின்றனர். அவருடைய ஆட்டம் எப்படி உருவானது என்று அறிய விரும்புவோர் 2007-இன் தோல்வியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் 1978-இல் பிறந்த நோவிட்ஸ்கியின் தாய் கூடைப்பந்து வீராங்கனை, தந்தை ஹேண்ட்பால் ஆட்டக்காரர். பதின்வயதில் அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்த ஹோல்கர் கெஷ்விண்ட்னர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவர்; கணிதமும் இயற்பியலும் படித்தவர். பந்து எந்தக் கோணத்தில் கையை விட்டுப் புறப்பட்டால் சிறு பிழையையும் தாங்கிக்கொண்டு வளையத்துக்குள் விழும் என்று கணக்கிட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த மாணவரை 1998-இல் டல்லாஸுக்குக் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு பயிற்சியாளர் டான் நெல்சனுடையது. முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.2 புள்ளிகளே கிடைத்தன.

வழக்கமாக வளையத்துக்கு அருகே ஆடும் பவர் ஃபார்வர்டு இடத்தில் ஏழு அடி உயரமுள்ள ஒருவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று தடையின்றி எறியத் தொடங்கியதும், வளையத்தடியில் காவல் நிற்கும் உயரமான வீரர்கள் வெளியே வந்தாக வேண்டியதாயிற்று. அப்படி வந்தவர்களை அவர் எளிதில் கடந்துவிடுவார். 2006-07 பருவத்தில் மேவரிக்ஸ் 67 ஆட்டங்களை வென்றதற்கு இதுவே பெரிய காரணம்.

பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃபின் முதல் சுற்றில், எட்டாம் இடத்தில் நுழைந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்த அணியை 4-2 எனத் தோற்கடித்தது. வாரியர்ஸின் பயிற்சியாளர் அதே நெல்சன்தான்! தாம் வளர்த்த வீரரின் பலவீனம் அவருக்குத் தெரியும். உயரத்தில் குறைந்த, ஆனால் வேகமான ஸ்டீபன் ஜாக்சன் போன்றோரை உடலோடு ஒட்டி நிற்கச் செய்து, பந்தைத் தட்டிக்கொண்டு நகர முயன்றால் இன்னொருவரையும் ஏவினார். கடைசி ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 13 முறை எறிந்து இரண்டை மட்டுமே வளையத்தில் சேர்த்தார். அதன்பின் அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருதை வாங்க அவர் மேடையேற நேர்ந்தது. ஐரோப்பியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை என்றாலும், அவ்வளவு சங்கடமான விருது விழா வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

பின்வந்த ஆண்டுகளில், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் விதிமீறலுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) கோட்டை ஒட்டிய பகுதியில் வளையத்துக்கு முதுகு காட்டியோ பக்கவாட்டில் திரும்பியோ பந்தை வாங்கி ஆடும் முறையை அவர் மேன்மேலும் வளர்த்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் இரண்டாவது தடுப்பாளர் எத்திசையிலிருந்து வருகிறார் என்பது தெரியும். குள்ளமான வீரரோ தலைக்கு மேலே எழும் பந்தை எட்ட முடியாது. ஒரு காலை ஊன்றி, மறுகாலின் முழங்காலைத் தடுப்பாளருக்கும் தமக்கும் இடையே உயர்த்தி, பின்னோக்கிச் சாய்ந்தபடி எறியும் அவருடைய புகழ்பெற்ற எறிதலுக்கு இந்த இடம் மிகவும் பொருந்தியது. அது அழகுக்காக வைத்துக்கொண்ட முத்திரை என்று சிலர் கருதுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் உண்டாக்கும் அந்த ஓரடி இடைவெளியே அதன் பயன்.

2011 பிளேஆஃபில் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் 15 எறிதல்களில் 12-ஐயும், 24 ஃப்ரீ த்ரோக்களில் அனைத்தையும் சேர்த்து 48 புள்ளிகள் எடுத்தார். இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் மயாமி ஹீட் 15 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும் மேவரிக்ஸ் 95-93 என வென்றது. தசைநாண் கிழிந்த விரலுள்ள இடக்கையாலேயே நோவிட்ஸ்கி வெற்றிப் புள்ளிகளைச் சேர்த்தார்.

அதற்குப் பின் அவர் 2019-இல் ஓய்வு பெறும்வரை மேவரிக்ஸ் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. ஒரே அணியில் 21 பருவங்கள் ஆடியது சாதனைதான், மொத்தம் 31,560 புள்ளிகளும் அப்படியே. ஆனால் அந்த விசுவாசத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதியாவது ஒற்றைக்கால் எறிதலுக்குக் கிடைக்க வேண்டும். 48 புள்ளிகள் எடுத்த அந்த ஆட்டத்தில் எதிரணிக்காக 40 புள்ளிகள் குவித்த கெவின் டுரான்ட்டும் பிற்பாடு அந்த எறிதலைத் தம் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.