அறுபது குழி முல்லை

3.8.2022
ஆடிப்பெருக்கு. துறையில் இறங்க விடவில்லை, போலீஸ் நிற்கிறது. அடிபம்பு ஓரத்திலேயே மஞ்சளில் பிள்ளையார் பிடித்துவைத்துக் காப்பரிசி படைத்தோம். கொள்ளிடக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த வருஷம் அடிபம்புதான் ஆறு.

4.8
மேட்டூரில் இரண்டு லட்சம் கன அடியாம். மாமா விரல்விட்டு எண்ணினார். முக்கொம்பு, அணைக்கரை, அப்புறம் இங்கே. சனிக்கிழமை என்கிறார். காவிரியில் அளந்துதான் விடுவார்கள். மிச்சம் அத்தனையும் முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அது கடலுக்குப் போகிற வழியில்தான் எங்கள் கொல்லை.

பிஞ்சென்றும் பார்க்காமல் கத்தரிக்காயைப் பறித்தோம். ஊரே பறித்தால் எவன் விலை கொடுப்பான்? பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. காயையாவது மூட்டை கட்டலாம். அறுபது குழி நிலத்து முல்லைச் செடியை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

5.8
கரைக்கு உள்பக்கம் எங்கள் படுகை நிலம் காய்ந்துதான் கிடக்கிறது. சும்மா பயப்படுகிறோமோ.

6.8
கரைமேல் இருக்கிறோம். ராத்திரி நாய்கள்தான் முதலில் குரைத்தன. தண்ணீர் சத்தமே போடாமல் கொல்லைப்பக்கமாக வந்து அடுப்படியில் நின்றது. ரேஷன் கார்டு, சிலிண்டர், பையனின் புத்தகப்பை, ஐந்து ஆடுகள். கோழிகளை முருங்கையில் ஏற்றிவிட்டோம். மாமா வரமாட்டேன் என்றார். சினைப்பசுவை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்கிறார்.

7.8
தீயணைப்புப் படகில் மாமா வந்தார். பசு பின்னாலேயே நீந்தி வந்தது. யாரோடும் பேசவில்லை, மாமா.

8.8
கரைச்சரிவில் மூங்கில் குச்சி நட்டிருக்கிறேன். மணிக்கொரு தரம் போய்ப் பார்க்கிறேன். முல்லை மூன்று நாள் தாங்கும், அதற்குமேல் வேர் அழுகிவிடும். அவர் திருப்பூரிலிருந்து போனில் "சாப்பிட்டியா" என்றால், "அரை விரக்கடை இறங்கியிருக்கு" என்கிறேன்.

9.8
ஏறிவிட்டது. குச்சியைக் காணோம்.

10.8
மறுபடி சாம்பார் சாதம்.

15.8
வீட்டுக்குப் போனோம். முழங்கால் சேறு. சுவரில் ஜன்னல் உயரத்துக்குக் கோடு. உரலுக்குள் ஒரு குரவை மீன் உயிரோடு கிடந்தது. பையன் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். முருங்கையில் கோழி ஒன்றுதான் மிச்சம்.

முல்லை இலை பச்சையாகத்தான் இருக்கிறது. ஒரு செடியின் அடியில் விரலை விட்டு வேரைத் தடவினேன். தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. நாற்றம் இன்னும் நகத்தில் இருக்கிறது.

18.8
கணக்கெடுக்க வந்தவர் பட்டா கேட்டார். படுகையில் பட்டா ஏது? மாமாவின் தாத்தா திருத்திய மண். கத்தரிக்கு ஏதோ எழுதிக்கொண்டார். முல்லையைக் காட்டினேன். "பச்சையாத்தானே நிக்குது?" என்றார். அவர் கையைப் பிடித்து அந்தச் சேற்றுக்குள் விட்டிருக்க வேண்டும்.

22.8
பசு ஈன்றது. கிடாரி. மாமா பேசுகிறார்.

25.8
இலை மஞ்சள். அறுபது குழியும்.

30.8
நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. பூ விலையை நான் கேட்கவில்லை.

சித்தி வீட்டிலிருந்து முல்லைப் பதியன் ஒரு கட்டு வாங்கிவந்தேன். கோணியில் சுற்றி நனைத்து வைத்திருக்கிறேன். மேட்டூரில் மறுபடி லட்சத்துக்கு மேல் போகிறதாம். மாமா விரல்விட ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை என்கிறார். ஆட்டை இன்றைக்கே கரைக்கு ஓட்டு என்கிறார்.

பதியன் எத்தனை நாள் தாங்கும் என்று சித்தியிடம் கேட்க மறந்துவிட்டேன்.