பிளம்பர் ரெண்டு மணிக்கு வர்றேன்னார்: ஜின்ஜா டைரி

2024 ஏப்ரல் 2, செவ்வாய்

உகாண்டாவுல ஜின்ஜாங்கற ஊர்ல இருக்கோம், வீட்டுக் குழாய்ல தண்ணி நின்னு இன்னியோட மூணு நாள். தெருவுல எல்லாருக்கும் வருது, எங்க டேங்க்லதான் ஏதோ அடைப்பு. இப்போதைக்கு மஞ்ச ஜெரிகேன்தான் கதி. அது வேற ஒண்ணுமில்ல, சமையல் எண்ணெய் வர்ற 20 லிட்டர் கேன், எண்ணெய் தீர்ந்தப்புறம் உகாண்டா முழுக்க அதுதான் குடம். சைக்கிள்ல அஞ்சாறு கேனைக் கட்டித் தள்ளிட்டு வந்த பையன்கிட்ட நாலு வாங்கினேன், ஒரு கேனுக்கு மூடி தொலைஞ்சு போய் அதுல பச்சை வாழைக்காயைச் சொருகி வச்சிருந்தான், ஒரு சொட்டு சிந்தல.

பக்கத்து வீட்டு ஜாஜா (ஜாஜான்னா பாட்டி) அவங்களுக்குத் தெரிஞ்ச பிளம்பருக்கு போன் போட்டாங்க. நாளைக்கு "ஸாவா பிரி"ன்னார். ஸாவான்னா மணி, பிரின்னா ரெண்டு, இங்க பேசற லுகாண்டா பாஷை அவ்ளோ நமக்குத் தெரியுமே. சரின்னுட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

ரெண்டு மணிக்குத்தானேன்னு காலையிலேயே காய் வாங்கக் கிளம்பிட்டேன். திரும்பி வந்தா ஜாஜா வாசல்ல நின்னு சிரிக்கிறாங்க, பிளம்பர் எட்டு மணிக்கே வந்து பூட்டைப் பாத்துட்டுப் போயிட்டாராம். தப்பு அவர் மேல இல்ல. இங்க ஊர்க்கணக்குல விடிஞ்சதுலருந்துதான் மணி, நாம ஏழுங்கறது இவங்களுக்கு ஒண்ணு, எட்டு ரெண்டு, சாயங்காலம் ஏழுக்கு மறுபடி ஒண்ணு. பூமத்தியரேகை பக்கத்துலயே இருக்கறதால வருஷம் பூரா சூரியன் ஏழுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து ஏழுக்குக் கொஞ்சம் முன்னாடி போயிடும், அதனால கணக்கு பிசகறதே இல்ல. எங்க ஆச்சி விடிஞ்சு அஞ்சு நாழிகைம்பாங்க, அதே கணக்குதானே, எனக்குத்தான் உறைக்கல. அடுத்த புதன்தான் வரமுடியுமாம். அதுவரைக்கும் ஜெரிகேன்.

ஏப்ரல் 6, சனி

மார்க்கெட். டோடோன்னு கட்டு கட்டா விக்கிறது நம்ம தண்டுக்கீரை குடும்பம்தான், பருப்பு போட்டு கடைஞ்சா வித்தியாசமே தெரியாது. முகேனே நம்ம நெத்திலி மாதிரி, விக்டோரியா ஏரிப் பொடிமீன், காயவச்சு டம்ளர்ல அளந்து குடுக்கறாங்க. மத்தோக்கே மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல, வாழைக்காயை இலையில பொதிஞ்சு அவிச்சு மசிச்சு வேர்க்கடலைக் குழம்பு ஊத்தித் தர்றாங்க, குழம்பு பிரமாதம், கீழ இருக்கறதுதான் தொண்டையில நிக்குது. பசிக்கு ரோலெக்ஸ் சாப்பிட்டேன். கைக்கடிகாரம் இல்லீங்க, முட்டை ஆம்லெட்டை சப்பாத்தியில சுருட்டித் தர்றது, ரோல்டு எக்ஸ்னு சொல்லிச் சொல்லி ரோலெக்ஸ் ஆனதுன்னு சொல்றாங்க. சப்பாத்தி நம்மாளுங்க கொண்டுவந்ததுதான், இப்ப தெருமுனைக்குத் தெருமுனை கல் போட்டிருக்கு.

கீரைக்காரம்மா என்னை "மாமா"ன்னு கூப்பிட்டா. லுகாண்டாவுல மாமான்னா அம்மா, தாத்தான்னா அப்பா. வந்த புதுசுல ஒரு வாண்டு இவரைப் பாத்து தாத்தான்னதும் மனுசன் கண்ணாடி முன்னாடி போய் நரைமுடி எண்ணினார்.

ஏப்ரல் 10, புதன்

பெருநாள் லீவு. பாதித் தெருவுல பிலாவ் வாசனை. பிளம்பர் லீவுன்னு வரல, அதுவும் நியாயம்தான்.

ராத்திரி பேய்மழை, எங்கயோ மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போயிடுச்சு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா நைல் நதி விக்டோரியா ஏரியை விட்டு வெளிய வர்ற ஊரே இதுதான். 1954ல திறந்த ஓவன் ஃபால்ஸ் அணை, இப்ப நலுபாலேன்னு பேரு, 180 மெகாவாட். அதை ஒட்டி கீரா 200, கொஞ்சம் கீழ புஜகாலி 250. இத்தனையும் ஊருக்குப் பக்கத்துலயே ஓடுது, நான் மெழுகுவத்தி வெளிச்சத்துல தோசைமாவு புளிக்குதான்னு எட்டிப் பாத்துட்டு இருக்கேன். இத்தனைக்கும் ப்ரீபெய்டு மீட்டர், மொபைல் மணியில காசு கட்டினா 20 இலக்க நம்பர் வரும், அதை மீட்டர்ல தட்டணும், நேத்துதான் தட்டினேன். காசு மீட்டர்ல பத்திரமா இருக்கு, கரண்ட்தான் இல்ல.

ஏப்ரல் 12, வெள்ளி

கரண்ட் இன்னும் வரல. கேஸ் தீர்ந்துபோய் ஜாஜாகிட்ட சிகிரி இரவல் வாங்கினேன், கரியடுப்பு. பத்த வைக்கவே அரைமணி, ஆனா அதுல வெந்த சாம்பாருக்கு இவர் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டார். நான் விசிறிட்டு இருந்தப்ப வேலியைத் தாண்டிப் போனவர் யாரோ "ஜெபாலே கோ"ன்னார். நீ செய்யற வேலைக்கு நன்றின்னு வச்சுக்கலாம், முகம் தெரியாதவங்களும் சொல்லிட்டுப் போவாங்க. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல அடுப்படியில நிக்கிறதுக்கு எனக்கு வந்த மொத நன்றி.

ஏப்ரல் 14, ஞாயிறு

காலையில கரண்ட் வந்துச்சு. சித்திரை ஒண்ணு, பாயசம் வச்சு ஜாஜாவுக்குக் குடுத்தேன். அப்புறம் மெயின் ஸ்ட்ரீட்ல அவங்களோட நடந்தேன். பழைய கடைகளோட நெத்தியில கட்டின வருஷமும் குஜராத்திக்காரங்க பேரும் இன்னும் காரையில இருக்கு. 1972ல இடி அமீன் 90 நாள் கெடு வச்சு ஆசியக்காரங்களைத் துரத்தினப்ப காலியான கடைகள், தொண்ணூறுகள்ல கொஞ்சப் பேர் திரும்பி வந்தாங்க. ஜாஜா அப்ப சின்னப்பொண்ணு. "அவங்க போனதுக்கப்புறம் உப்புக்கும் சோப்புக்கும் அலைஞ்சோம்"னாங்க. கொஞ்ச தூரம் போய், "இருந்தப்ப எங்களைக் கடை திண்ணையில உக்கார விடமாட்டாங்க, அதையும் எழுதிக்கோ"ன்னாங்க. எழுதிட்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இவருக்கு நேத்து குளிர் ஜுரம். கிளினிக்ல விரல்ல குத்தி ரத்தம் எடுத்து மலேரியான்னாங்க. மூணு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு நாலு மாத்திரை, வெறும் வயித்துல கூடாது. எனக்குக் கை நடுங்குது, இவர் ஃபாக்டரி ஆளுங்களோ சளி பிடிச்ச மாதிரி விசாரிக்கிறாங்க. கொசுவலையில ஓட்டை இருந்திருக்கு, நூல் எடுத்துத் தைச்சேன்.

சாயங்காலம் பிளம்பர் போன். நாளைக்கு "ஸாவா ஸத்து"ன்னார். மூணு. விரல் விட்டு எண்ணி ஒன்பதுக்கு அலாரம் வச்சேன். இவர் போர்வைக்குள்ள இருந்து, "அது காலையில ஒன்பதா, ராத்திரி ஒன்பதான்னு கேட்டியா"ங்கறார்.