பிசியோவும் தூங்க வேண்டும்

உயர்மட்ட விளையாட்டு வீரர்களோடு வேலை பார்க்க ஆசைப்படும் இளம் பிசியோக்கள் (பிசியோதெரபிஸ்ட்கள், அதாவது இயன்முறை சிகிச்சையாளர்கள்) என்னிடம் கேட்பது, உள்ளே நுழைவது எப்படி என்பதைத்தான். தாக்குப்பிடிப்பது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

போட்டி நாளில் வீரர் எழுவதற்கு முன்பே டேப், ஐஸ், மசாஜ் மேசை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அவர் தூங்கப் போன பிறகும் நாம் சிகிச்சைக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்போம். அப்புறம் நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் வரும்: "முட்டி லேசா இழுக்குது, நாளைக்கு ஓடலாமா?" சீசன் முடிந்தால் அவருக்கு ஓய்வு. காயம்பட்டவர்களைத் தேற்றும் வேலை நமக்கு அப்போதுதான் சூடுபிடிக்கும்.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் தன் மனநலத்தைக் காரணம் சொல்லிச் சில இறுதிப் போட்டிகளிலிருந்து விலகியபோது, வீரர்களின் மனநலம் பற்றி உலகமே பேசியது. மிகவும் தேவையான பேச்சு அது. அதே அக்கறை, அவர்களைத் தாங்கிப் பிடிப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தயங்காமல் கேளுங்கள்: நான் லீவில் போனால் என் வேலையை யார் பார்ப்பார்கள்? இரவில் எதற்கெல்லாம் என்னைக் கூப்பிடலாம்? தலைமைப் பயிற்சியாளர் மாறினால் என் வேலை நிலைக்குமா? வாய்வார்த்தை போதாது, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சரி, இன்னொன்று: மனம்விட்டுப் பேச அந்த அணிக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூத்தவரை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.