கோடைக்கு ஏன் பெரிய எழுத்து இல்லை?

ஆங்கிலத்தில் நான் எழுதிய கட்டுரை ஒன்று மெய்ப்புத் திருத்துபவரிடம் போய்த் திரும்பியபோது, ‘சம்மர்’, ‘விண்டர்’ ஆகிய சொற்களின் முதலெழுத்துகள் பன்னிரண்டு இடங்களில் வட்டமிடப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் நான் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தேன். பருவப் பெயருக்குச் சிறிய எழுத்தே போதும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அதே பக்கத்தில் ‘மண்டே’, ‘ஜூன்’ ஆகியவற்றின் பெரிய எழுத்துகளை அவர் தொடவே இல்லை. கிழமைக்கும் மாதத்துக்கும் உள்ள மரியாதை பருவத்துக்கு ஏன் இல்லை என்ற கேள்வி என்னை அன்று பிடித்துக்கொண்டது.

என் பிழைக்கு நான் கற்ற தமிழ் இலக்கணமும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. நன்னூல் வழியில் ‘மரம்’ பொதுப்பெயர், ‘மா’ சிறப்புப்பெயர். பலவற்றுக்கும் பொதுவாக நிற்பது முன்னது, அவற்றுள் ஒரு வகையை மட்டும் சிறப்பாகச் சுட்டுவது பின்னது. அந்தக் கணக்கில் ‘பருவம்’ பொதுப்பெயர் என்றால் ‘கோடை’ சிறப்புப்பெயர்தான். ஆனால் பெரிய எழுத்தைக் கோரும் ஆங்கிலப் பெயர்ச்சொல், ஒரு வகையை அன்றி, ஒரே ஓர் ஆளையோ ஊரையோ ஆற்றையோ தனித்துச் சுட்டும் பெயர். ஆங்கிலத்தில் மாமரமும் பொதுப்பெயரே, கோடையும் பொதுப்பெயரே. இரண்டு மொழிகளின் இரு வேறு பாகுபாடுகளுக்குச் ‘சிறப்புப்பெயர்’ என்ற ஒரே கலைச்சொல்லைப் பொருத்திவிட்டு, பிறகு குழம்புகிறோம்.

இவ்வளவோடு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தால், கிழமைகள் குறுக்கே வந்து நிற்கின்றன. கோடை ஆண்டுதோறும் வருகிறது, ‘இரண்டு கோடைகள்’ என்று எண்ண முடிகிறது, ஆகவே அது பொதுப்பெயர் என்பது வழக்கமான விளக்கம். திங்கட்கிழமை வாரந்தோறும் வருகிறது. ‘இரண்டு திங்கட்கிழமைகள்’ என்று அதையும் தாராளமாக எண்ணலாம். சொற்பிறப்பைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. ‘வென்ஸ்டே’ வோடன் என்ற தெய்வத்தின் பெயரிலும், ‘ஜூலை’ ஜூலியஸ் சீசரின் பெயரிலும் பிறந்தவை என்பதால் அவற்றுக்குப் பெரிய எழுத்து என்பார்கள். அப்படியானால், ‘ஏழு’ என்ற லத்தீன் எண்ணிலிருந்து வந்த ‘செப்டம்பர்’ அந்தத் தகுதியை எப்படிப் பெற்றது? பருவங்களுக்குத் தெளிவான எல்லை இல்லை, ஜூன் மாதம் ஐரோப்பாவில் கோடையாகவும் ஆஸ்திரேலியாவில் குளிர்காலமாகவும் இருக்கிறது என்ற வாதம் சற்று வலுவானதுதான். ஆனால் நிமிடக் கணக்கில் கணித்துச் சொல்லப்படும் ‘ஈக்வினாக்ஸ்’ (பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் பொழுது), ‘சால்ஸ்டிஸ்’ (பகல் மிக நீண்டோ மிகக் குறுகியோ இருக்கும் பொழுது) ஆகியவையும் சிறிய எழுத்தில்தான் எழுதப்படுகின்றன.

ஆகவே இதைத் தருக்கத்தால் விளக்குவதைவிட வழக்கத்தால் விளக்குவதே நேர்மை என்பது என் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நூல்களைப் புரட்டினால், பருவங்கள் மட்டுமல்லாமல் மேசை, நாற்காலி போன்ற எளிய பெயர்களும் பெரிய எழுத்துடன் அச்சேறியிருப்பதைக் காணலாம். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பழக்கம் தேய்ந்தபோது பெரிய எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டவற்றுள் மாதங்களும் கிழமைகளும் இருந்தன, பருவங்கள் இழந்துவிட்டன. ஜெர்மன் இன்றும் எல்லாப் பெயர்ச்சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குவதால் அங்கே இக்கேள்விக்கே இடமில்லை. டேனிஷ் மொழி அதே முறையை 1948ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் கைவிட்டது. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் பருவம், மாதம், கிழமை மூன்றுமே சிறிய எழுத்துத்தான். ஒரே திங்கட்கிழமை ஒரு மொழியில் பெரிதாகவும் மற்றொரு மொழியில் சிறிதாகவும் எழுதப்படும்போது, பெரிய எழுத்து அந்த நாளின் இயல்பிலேயே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

விதிவிலக்குகளில் பெரிய சிக்கல் இல்லை. பருவச் சொல் ஒரு தனிப்பெயரின் உறுப்பாகும்போது பெரிய எழுத்தைப் பெறுகிறது: 1924இல் பிரான்சின் ஷாமொனியில் தொடங்கிய குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளும், 1968இல் செக்கோஸ்லோவாகியாவில் மலர்ந்து ஒடுக்கப்பட்ட ‘பிராக் வசந்தம்’ என்ற அரசியல் சீர்திருத்த முயற்சியும் அப்படிப்பட்டவை. கவிஞர் இலையுதிர்காலத்தை ஆளாகப் பாவித்து விளித்தாலும் பெரிய எழுத்து வரும். காலாண்டிதழின் வசந்த இதழ் என்று குறிப்பிடும்போது, ஆங்கில எழுத்து நடைக்கு வழிகாட்டும் சிகாகோ நடைக் கையேடு பெரிய எழுத்தை ஏற்கிறது. பல்கலைக்கழகப் பருவங்களின் (செமஸ்டர்களின்) பெயர்களில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். அங்கே எந்த முறையைப் பின்பற்றினாலும் அதைக் கட்டுரை முழுவதும் மாற்றாமல் இருந்தால் போதும்.

‘மார்ச்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அது மாதமா, அணிவகுத்து நடப்பதா என்பதைப் பல இடங்களில் பெரிய எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. அதே உதவியை ‘ஸ்பிரிங்’ என்ற சொல்லுக்கும் செய்திருக்கலாம். வசந்தம், நீரூற்று, சுருள்வில், துள்ளல் என்று அத்தனை பொருளையும் அது ஒரே சிறிய எழுத்தில் சுமந்துகொண்டிருக்கிறது.

அன்று மாலையே கட்டுரையை எடுத்து, வட்டமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகச் சிறிய எழுத்துக்கு மாற்றினேன். பதினொன்றோடு வேலை முடிந்தது. பன்னிரண்டாவது ‘சம்மர்’ ஒரு வாக்கியத்தின் முதற்சொல். திருத்துபவர் வேகத்தில் அதையும் வட்டமிட்டிருந்தார்.