யுன்செங்: தளபதி சாமியும் அறுத்துக் கொண்டுவந்த சுவர்களும்

சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் உள்ள யுன்செங்கில் டாக்சி பிடிப்பவர்கள் பேசிய தொகையைப் போனில் எழுதிக் காட்டிவிட்டு ஏறுங்கள். ஹைஜோவில் இருக்கும் குவான் யூ கோயில் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் தூரம்தான். இறங்கும்போது எங்கள் டிரைவர் இரண்டு மடங்கு கேட்டார். சொன்ன வாக்கை மீறாதவர் என்பதற்காகவே கும்பிடப்படும் ஒருவரின் வாசலில் நின்றுகொண்டு அப்படிக் கேட்டதுதான் எனக்கு ஆத்திரம். அன்றைய சாப்பாட்டுக் காசு அதிலேயே போனது.

குவான் யூ, ஹான் அரசு சரிந்துகொண்டிருந்த காலத்துத் தளபதி. பிறந்தது இந்த வட்டாரத்தில். போரில் தோற்று, பிடிபட்டு, தலை வெட்டப்பட்டவர். அப்புறம் பல அரசர்கள் பட்டம் கொடுக்க, 1614ல் மிங் பேரரசர் வான்லி இவரையே பேரரசர் ஆக்கிவிட்டார், இறந்து ஏறக்குறைய 1,400 ஆண்டு கழித்து! பக்கத்து உப்பு ஏரியை வற்றவைத்த அசுரனை இவர் அடக்கினார் என்று ஒரு கதையும் உண்டு. உப்பை நம்பிப் பிழைத்த ஊருக்கு அது போதாதா? 589ல் தொடங்கிய கோயில் 1702ல் தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டியதைத்தான் இன்று பார்க்கிறோம். முன் மண்டபத்தைச் சுற்றியுள்ள 26 டிராகன் கல்தூண்களை அவசரப்படாமல் பாருங்கள்.

மதியம் கத்தியால் சீவிப் போட்ட நூடுல்ஸ், மேலே ஷான்ஷி வினிகர். மலிவு, வயிறு நிறையும்.

ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மலைக்குத் தெற்கே ருய்செங்கில் உள்ள யோங்லே கோயிலைப் பார்க்காமல் திரும்புவது பெரிய தப்பு. அது சீனாவின் பழைய மதமான தாவோ மதக் கோயில். 1325ல் எழுதிய சுவரோவியத்தில் கிட்டத்தட்ட 290 தெய்வங்கள் ஊர்வலமாக நிற்கிறார்கள், முக்கியமானவர்கள் ஆளைவிட உயரம். அங்கியின் மடிப்பு தோளிலிருந்து பாதம் வரை ஒரே கோடாக இறங்குகிறது, நடுவில் கை நடுங்கிய தடமே இல்லை. எனக்குப் பிடித்தவர் தியன்பெங், பல கைகளில் ஆயுதம் ஏந்திய வானுலகப் படைத்தலைவர். கோபத்தில் முடியே சிலிர்த்து நிற்கிறது. ஹைஜோவில் புத்தகம் படிக்கும் சாந்தமான தளபதியோடு இவரை ஒப்பிட்டுப் பாருங்கள், போர்வீரரைச் சாமியாக்க எத்தனை வழி என்று புரியும்.

இன்னொரு விஷயம், இந்த ஓவியங்கள் இருந்த இடமே இது இல்லை. மஞ்சள் ஆற்றில் சான்மென்ஷியா அணை கட்டியபோது பழைய இடம் மூழ்கும் என்பதால், 1959ல் தொடங்கி சுவர்ப்பூச்சைத் துண்டு துண்டாக அறுத்துக் கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டுக் கோடு தெரிகிறது. அதைச் செய்தவர்களை எவ்வளவு கொண்டாடினாலும் தகும்.

ஒரே நாளில் இரண்டும் என்றால் காலையிலேயே ருய்செங் போய்விடுங்கள், ஓவியத்துக்குத்தான் நேரம் வேண்டும். டாக்சிச் செலவு கடிக்கும். பரவாயில்லை, கொடுங்கள்.