டர்பன் நாட்குறிப்பு: மொரீசியஸ் போகும் முன்

மே 4
டாக்டர் சம்மதித்துவிட்டார். அத்தையின் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் மூன்று மாதம் கழிந்தால் விமானம் ஏறலாம் என்று அவர் முன்பு சொன்ன கெடு, ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை விடுவதற்குள் முடிந்துவிடும். அவர் கேட்பது ஒன்றுதான்: அலை அடிக்காத கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் சற்று நேரம் நிற்க வேண்டும். டர்பன் கடலில் அதற்கு வழியில்லை. 1952 முதல் இங்கே கட்டப்பட்டு வரும் சுறா வலைகள் சுறாவின் தொல்லையைக் குறைத்தனவே தவிர அலையை என்ன செய்ய முடியும்? போதாக்குறைக்கு, மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும் ஜூன், ஜூலையில் அந்த வலைகளையும் எடுத்துவிடுவார்கள். புது மூட்டோடு இருப்பவரை இந்தக் கடலில் இறக்க எனக்குத் துணிவு வராது.

மே 6
கேப்டவுனில் இருக்கும் என் பையனின் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

மே 9
அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு யோசனை இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் மொசாம்பிக்கின் பொன்டா டோ ஓரோ, காரிலேயே போய்விடலாம், செலவும் குறைவு என்கிறார் ஒருவர். சான்சிபாரைப் போல் வெண்மணல் எங்கும் கிடையாது என்கிறார் இன்னொருவர். இரண்டு இடத்திலும் மலேரியா உண்டு. பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் நிறுத்தாமல் விழுங்க வேண்டிய மாத்திரைகளை, ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய மருந்து சாப்பிடும் அத்தைக்கும், மருந்தென்றாலே ஓடி ஒளியும் பையனுக்கும் நான் கொடுக்கத் தயாராக இல்லை. மொரீசியஸில் மலேரியா இல்லை. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. ஜோஹானஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறப்பு. தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறை சுற்றி நிற்பதால் அலை வெளியிலேயே உடைந்துவிடுகிறது. முதியவரையும் குழந்தையையும் ஒன்றாகக் கூட்டிப் போகிறவர்கள் அழகை இரண்டாவதாகப் பார்க்கட்டும்; நோய், தண்ணீரின் ஆழம், பறக்கும் நேரம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

மே 10
“அவன் கூப்பிட்டானா?” என்று அத்தை கேட்டார். இல்லை என்றேன்.

மே 13
விடுதிப் படங்களைப் பார்த்து முடிவு செய்வது வீண் வேலை, ஏனென்றால் எல்லாப் படத்திலும் கடல் ஒரே நீலமாகத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியது காற்று. ஜூலையில் மொரீசியஸுக்கும் குளிர்காலம்; தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் மாதங்கள் அவை. கிழக்குக் கரையிலுள்ள பெல் மார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்போது காற்று முகத்தில் அறையும். மேற்கிலுள்ள ஃபிளிக் அன் ஃபிளாக்கும் வடமேற்கிலுள்ள ட்ரூ ஓ பிஷும் காற்றுக்கு மறைவான பக்கத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் அடங்கிக் கிடக்கும். தெற்கே கிரி கிரி பகுதியில் பவளப்பாறை விட்டுப்போயிருக்கிறது. பாறையில் மோதும் கடலைப் பார்த்துவிட்டு வரலாம், காலை நனைக்கக் கூடாது.

டிசம்பரில் போனால் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்குமே என்று அண்ணி கேட்டார். நவம்பர் முதல் மே வரை அங்கே புயல் பருவம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை அவரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்தான். ஜூலையில் கடல் 23 டிகிரி அளவில் இருக்கும், மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும், அவ்வளவுதான் குறை. ட்ரூ ஓ பிஷ் என்று முடிவு செய்தேன். விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும் என்பதால் வாடகைக் காரை இங்கிருந்தே பேசி வைக்க வேண்டும்.

மே 17
எனக்குத் தூக்கம் கெடுவது இந்த ஒரு காகிதத்தால்தான். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை பெற்றோரில் ஒருவருடன் மட்டும் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறும்போது, மற்றவர் பிரமாண ஆணையர் (உறுதிமொழிக் கையெழுத்துக்குச் சான்று தரும் அதிகாரி) முன்னிலையில் கையெழுத்திட்ட ஒப்புதல் பத்திரமும், அவருடைய அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் நகலும், தொடர்பு விவரங்களும் உடன் இருக்க வேண்டும். தாய், தந்தை இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்வது நல்லது. நான் எடுத்து வைத்துவிட்டேன். சுருக்கச் சான்றிதழை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்புதல் தர மறுத்தால் நீதிமன்றம்தான் கதி. அது விடுமுறைக்குள் முடிகிற காரியமில்லை.

கையெழுத்துக்குப் பெரிய செலவும் கிடையாது. எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் இலவசமாக முத்திரை குத்திக் கொடுப்பார்கள். கேப்டவுனில் காவல் நிலையத்துக்கா பஞ்சம்?

மே 18
இரண்டாவது செய்தி. படிவத்தையும் இணைத்தேன். “பார்க்கலாம்” என்று பதில் வந்தது.

மே 23
டிக்கெட் வாங்கிவிட்டேன். மிக மலிவான டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. அதைவிடச் சற்றுக் கூடுதல் விலையில், கட்டணம் செலுத்தித் தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டையே எடுத்தேன். காகிதம் ஒன்று பாக்கி இருக்கும்போது மலிவு டிக்கெட் மலிவே அல்ல. விடுதியிலும் கடைசி வாரம் வரை ரத்து செய்யக்கூடிய அறையைத்தான் கேட்டேன். தரைத்தளம், குளியலறையில் கைப்பிடி, தொட்டி இல்லாத ஷவர் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டதற்கு உடனே படம் எடுத்து அனுப்பினார்கள். பத்துப் பேரின் விமர்சனத்தைப் படிப்பதைவிட அந்த ஒரு படம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அத்தைக்கு நடைவழி ஓர இருக்கை. சக்கர நாற்காலி வேண்டுமென்று இப்போதே பதிவு செய்தாயிற்று. விமான நிலையத்தில் போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் உலோகத்துக்குச் சோதனை வாசல் கத்தும் என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

மே 29
காப்பீட்டு விண்ணப்பத்தில் அறுவையை மறைக்க வேண்டாம் என்று அத்தையிடம் வாதாடினேன். பிரீமியம் ஏறும் என்று அவருக்குக் கவலை. மறைத்தால், காலில் ரத்தம் கட்டி அங்கே மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், கம்பெனி முதலில் தேடுவது அந்த மறைப்பைத்தான்.

மருந்து விஷயத்திலும் மொரீசியஸ் கண்டிப்பான நாடு. தூக்க மாத்திரை, மன அமைதி மாத்திரை, கடுமையான வலி நிவாரணி ஆகியவற்றைக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். அத்தையின் டப்பாவில் இரண்டு அந்த வகையைச் சேர்ந்தவை. மருந்துச்சீட்டின் நகலையும் டாக்டரின் கடிதத்தையும் இணைத்து அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். மாத்திரைகளை வாரநாள் டப்பாவில் கொட்டாமல் அதன் அட்டையோடும் பெட்டியோடும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சிகரெட் சுருட்டும் தாளுக்குக்கூட அங்கே தடை. மைத்துனர் எங்களோடு வராதது நல்லதாகப் போயிற்று. முற்றத்துக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கன்று அங்குள்ள உறவினருக்கு வேண்டுமாம். அனுமதியில்லாமல் செடியோ விதையோ இறக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 3
இன்றும் எதுவும் இல்லை. பையன் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு சோறு தின்கிறான்.

ஜூன் 8
பழைய வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறினோம். ரப்பர் அடியுள்ள தண்ணீர்ச் செருப்பு மூன்று ஜோடி வாங்கினேன். ஆழமில்லாத தண்ணீரில் கடல் முள்ளெலிகள் இருக்கும். கல்மீன் என்றொரு மீன் கல்லோடு கல்லாய்க் கிடக்கும், அதன் முதுகு முள்ளில் கடுமையான நஞ்சு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அத்தையிடம் செருப்பைப் பற்றி மட்டும் சொன்னேன், மீனைப் பற்றிச் சொல்லவில்லை.

நம்முடைய உருண்டை முள் பிளக் அங்கே பொருந்தாது; இங்கிலாந்துப் பாணியில் சதுர முள் அடாப்டர் வேண்டும். அது மட்டும் கிடைக்கவில்லை. மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும் என்றதும் பையன் ஒரு நோட்டைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்வேன் என்றான். 1998-இல் நோட்டிலுள்ள மொழிகளின் வரிசையை மாற்றி அச்சடித்ததற்கு அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்து நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த கதையை அத்தை சொல்லச் சொல்ல, அவன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூன் 12
கார் தெ கார்து மலையில் முருகன் கோவில் இருக்கிறதாம். அத்தைக்கு ஏற வேண்டும். படிகள் என்றேன். “மெதுவா ஏறுறேன்” என்கிறார். போர்ட் லூயிஸ் கைலாசம் கோவில் சமதளத்தில்தான் இருக்கிறது, அங்கே போகலாம் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17
வாட்ஸ்அப்பில் படம் வந்தது! கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, பையனின் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறது. முத்திரை இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கிறது. வீட்டு மேசையில் உட்கார்ந்து போட்ட கையெழுத்து. காவல் நிலையத்தில் அதிகாரியின் கண் முன்னால் போட வேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறதே. புதுப் படிவம் அனுப்பினேன்.

ஜூன் 18
அத்தை தாமே போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜூன் 20
மொரீசியஸ் அரசின் இணையப் பயணப் படிவத்தை மூவருக்கும் நிரப்பத் தொடங்கினேன். விடுதி முகவரி, திரும்பும் விமான எண், உடல்நிலை பற்றிய கேள்விகள். பையனுடையதைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை காவல் நிலையம் போய், அசலைக் கூரியரில் அனுப்புவதாக அவர் சொல்கிறார். புதன்கிழமைக்குள் வந்தால் தேதி மாற்ற வேண்டியிருக்காது. அடாப்டர் இன்னும் வாங்கவில்லை.