21 நாள் எழுதிய டைரி

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. இப்போது எங்களுக்கு மாதம் என்றால் மூன்று தேதிகள்தான். 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1; 14ஆம் தேதி, விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து வாங்கியவருக்கு வரும் பட்டியலான 2பி வந்துவிடும்; 20ஆம் தேதிக்குள் வரி கட்டித் தாக்கல் செய்யும் 3பி. போன வருடம் ஒரு மாதம் 20ஆம் தேதி தாண்டியும் அலுப்பு தீரவில்லை. கணக்கு வேலையே எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். 1970களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவரும் அவருடைய குழுவும் ஆட்களிடம் பேஜரைக் கொடுத்து அனுப்பினார்கள். பகலில் எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்ததும், இந்த நிமிடம் என்ன செய்கிறேன், மனசு எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். 1989இல் ஜூடித் லெஃபெவ்ருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு காரியத்தில் ஆழ்ந்துபோகும் தருணங்கள் ஓய்வு நேரத்தை விட வேலை நேரத்தில்தான் அதிகம் பதிவாகியிருந்தன. அதைப் படித்ததும் சுருக்கென்றது. எனக்கும் அப்படித் தருணங்கள் இருக்குமோ, நான்தான் கவனிக்கவில்லையோ?

மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, பக்கத்தில் இரண்டு மதிப்பெண்: எவ்வளவு மூழ்கினேன், முடித்தபோது தெம்பு ஏறியதா இறங்கியதா. முதல் மூன்று நாள் இரவில் உட்கார்ந்து எழுதினேன். அது சரிப்படவில்லை. கடைசியில் யாராவது போனில் சத்தம் போட்டிருந்தால் அன்றைய நாள் முழுக்க மோசம் என்று எழுதத் தோன்றியது. அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுதினேன்.

பழகிய ஆட்களோடு பேசுவதுதான் எனக்கு இந்த வேலையில் பிடித்தது என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். டைரி வேறு மாதிரி சொன்னது. "பில் அனுப்புங்கண்ணா", "ஓடிபி வந்துச்சுங்களா?" என்று 20ஆம் தேதி ஒரே நாளில் 31 போன். 3பி தாக்கல் செய்ய ஓடிபி வியாபாரியின் போனுக்குத்தான் போகும். அவர் கல்யாண வீட்டில் இருப்பார், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு போனும் ஒரு நிமிடம்தான். தெம்புக் கட்டத்தில் எல்லாமே கழித்தல் குறி.

கூட்டல் குறி விழுந்த இடத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. 15ஆம் தேதி காலை, ஒரு துணி வியாபாரியின் கொள்முதல் பதிவேட்டை 2பியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். 3,42,000 ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்கிய பில் கையில் இருக்கிறது, 2பியில் இல்லை. 5 சதவீதம், 17,100 ரூபாய் வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை, நிற்கிறது. பில் எண்ணை வைத்துத் தேடினேன், தேதியை வைத்துத் தேடினேன், கிடைக்கவில்லை. பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணைப் பென்சில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். 33 தமிழ்நாடு, சரி. அடுத்த பத்து எழுத்தும் பான் எண். அது எங்கள் துணி வியாபாரியுடையது அல்ல, அவர் அப்பாவுடையது! ஒரே கட்டடத்தில் அப்பாவுக்கு ஒரு கம்பெனி, மகனுக்கு ஒன்று. அப்பாவின் 2பியைத் திறந்தால் பில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நூல்காரரிடம் சொன்னேன், அடுத்த மாதக் கணக்கில் திருத்திவிடுகிறேன் என்றார். நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்று, டீ ஆடை கட்டியிருந்தது. பசிதான் எடுத்தது, அலுப்பு இல்லை.

இதை அப்படியே ஆடிட்டர் சாரிடம் காட்டினேன். அவர் டைரியைப் புரட்டிவிட்டு, "பெரிய பார்ட்டிகளோட 2பி முழுக்க நீயே எடுத்துக்கம்மா" என்றார். போன் வேலையைப் புதிதாக வந்த பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனையும் ஒரு வாரம் எழுதச் சொல்லியிருந்தேன். எனக்குக் கழித்தல் விழுந்த அதே போன்களுக்கு அவன் கூட்டல் போட்டிருந்தான். வேலையை விடும் பேச்சை வீட்டில் நான் மறுபடி எடுக்கவில்லை.

ஒரு வரி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வரித்துறை நோட்டீஸுக்குப் பதில் எழுதும் வேலைக்கு மூழ்கியதில் முழு மதிப்பெண், தெம்பில் பெரிய கழித்தல். நேரம் போனதே தெரியாது. முடித்ததும் இரண்டு நாளைக்கு எதையும் தொடத் தோன்றாது. பிடித்ததா பிடிக்காததா? இந்த மாதம் அதை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றி வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.